ரூக்கி கார்டை எப்போது விற்பது?

கண்டியில் முத்திரை, பழைய நாணயம், விளையாட்டு கார்டுகள் வாங்கி விற்பது என் தொழில். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய கூடைப்பந்து கார்டுகளைக் கொண்டுவந்து, “அண்ணே, இப்ப விற்கவா, இன்னும் கொஞ்ச நாள் வைக்கவா?” என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு என் பதில், விற்றுவிடுங்கள் என்பதுதான்.

ஒரு வீரரின் முதல் சீசன் கார்டுக்கு, அதாவது ரூக்கி கார்டுக்கு, கிடைக்கும் விலை, அவர் சாதித்ததற்கு அல்ல. சாதிப்பார் என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கை பலித்தாலும் விலை பெரிதாக ஏறாது, ஏற்கனவே ஏறி நிற்கிறது. பொய்த்தால் சரிந்துவிடும். 2019இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் புதுமுகத் தெரிவில் முதல் ஆளாகத் தெரிவான சயன் வில்லியம்சன், முழங்கால் காயத்தால் 2020 ஜனவரியில்தான் முதல் ஆட்டம் ஆடினார். பிறகும் காயங்கள் அவரை விடவில்லை. 2023இல் வந்த விக்டர் வெம்பன்யாமா எதிர்பார்த்ததற்கு மேலாகவே ஆடினார். அவருக்கும் 2025 பெப்ரவரியில் தோளில் இரத்தக்கட்டி கண்டு, அந்த சீசன் அதோடு முடிந்தது. இதை எந்த வியாபாரியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

“முரளியைப் பாருங்க அண்ணே” என்பார்கள். சரிதான். 1992இல் அறிமுகமானவர், 1995இல் மெல்பேர்னில் ‘நோ போல்’ சர்ச்சையில் சிக்கியவர், 2010இல் 800 விக்கெட்டுடன் டெஸ்டிலிருந்து விடைபெற்றார். அப்படிப்பட்ட ஒருவருடைய முதல் கார்டைப் பொறுமையாக வைத்திருந்தால் பலன் உண்டு. ஆனால் அவரோடு சேர்ந்து வந்து காணாமல் போனவர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் காணாமல் போகப்போகிறவரின் கார்டு.

மாதமும் முக்கியம். என்.பி.ஏ. சீசன் ஒக்டோபரில் தொடங்குகிறது. ஆட்டம் நடக்கும்போது வாங்குவோர் அதிகம், ஓகஸ்டில் சந்தை தூங்கும். நம் வீடுகளில் காசுத் தேவையோ ஜனவரியில் பள்ளிச் செலவோடு வரும், இல்லாவிட்டால் திடீரென்று வரும். தேவை நெருக்கும்போது விற்றால் விலையை வாங்குபவர்தான் சொல்வார். ஆகவே தேவை வருமுன் விற்கும் மாதத்தைத் தீர்மானியுங்கள்.

ரூபாயில் மட்டும் கணக்குப் பார்ப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய் வரை போனது. கார்டின் விலை ஏறிவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஏறியது டொலர். கார்டுச் சந்தை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது: 2021 ஜனவரியில் 7,38,000 டொலருக்கு விற்ற மைக்கேல் ஜோர்டனின் 1986ஆம் ஆண்டு ஃபிளியர் நிறுவனக் கார்டு, சில மாதங்களில் அதில் பாதிக்கும் கீழே வந்தது. எப்போதும் டொலரிலேயே ஒப்பிடுங்கள். அதுவும் கேட்கும் விலையை அல்ல, ஈபேயில் உண்மையில் விற்று முடிந்த விலையை. கட்டணம், தபால் செலவு கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் காசு.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அவசரம் உண்டு. மழைக்கால ஈரலிப்பில் கார்டு வளையும், பளபளப்பான மேற்பரப்பு மங்கும், ஓரம் ஊதும். கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டுத் தரப்படுத்தும் அமெரிக்காவின் பிஎஸ்ஏ நிறுவனம் பார்ப்பது ஓரம், மூலை, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பவற்றை. பத்துக்கும் ஒன்பதுக்கும் விலை வித்தியாசம் பல மடங்காகலாம். ஈரச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் ஒரு மழைக்காலம் வைத்தால் அந்தப் பத்து போய்விடும்.

தரப்படுத்த அமெரிக்காவுக்கு அனுப்பித் திரும்பிவர மாதங்கள் ஆகலாம். ஒக்டோபரில் விற்க நினைப்பவர் சித்திரையிலேயே அனுப்பிவிட வேண்டும். விலை குறைந்த கார்டுக்கு அந்தச் செலவே நட்டம், உறையில் போட்டு அப்படியே விற்கலாம்.

ஒரே வீரரின் இரண்டு கார்டு இருந்தால், ஒன்றை இந்த சீசனிலேயே கொடுங்கள். மற்றதை மென்மையான உறையிலும் கடினமான உறையிலும் இட்டு, சிலிக்கா ஜெல் பையோடு மூடிபோட்ட டப்பாவில், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.