நெட் விட்டு விட்டு வருகிறதா? முதலில் எந்தப் பாதி என்று பாருங்கள்

"நெட் விட்டு விட்டு வருது, கொஞ்சம் வந்து பாருங்க." வீட்டு இணைய இணைப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை என்பதால் தினமும் காதில் விழும் வாக்கியம் இது. போய்ப் பார்த்தால், அதற்குள் ரவுட்டரைப் பலமுறை அணைத்துப் போட்டிருப்பார்கள், பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள். சிலர் புது ரவுட்டரே வாங்கி மாட்டியிருப்பார்கள். பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும். கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வீட்டு இணையத்தில் இரண்டு பாதி உண்டு. வெளியிலிருந்து ரவுட்டர் வரை கேபிளில் வருவது ஒன்று. ரவுட்டரிலிருந்து உங்கள் போனுக்குக் காற்றில் வருவது இன்னொன்று. வைஃபை என்பது இரண்டாவது பாதி மட்டும்தான். போன் திரையில் தெரியும் வைஃபை கோடுகளும் அந்தப் பாதியைப் பற்றித்தான் சொல்லும். கோடு முழுசாக இருக்கும், பக்கம் ஒன்றும் திறக்காது. அது முரண்பாடே இல்லை.

எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுங்கள், அதாவது பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இணைப்பு விவரங்களில் டிஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றில் 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்). விண்டோஸில் பிங் நான்கு தடவையோடு நின்றுவிடும், தொடர்ந்து ஓட ping -t என்று கொடுக்க வேண்டும். இரண்டையும் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நெட் எப்போது சொதப்புகிறதோ அப்போது வந்து திரையைப் பாருங்கள்.

ரவுட்டர் ஜன்னலில் 2, 3, 2, 5 மில்லி செகண்ட் என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 340, 900 என்று எகிறி, அப்புறம் பதிலே இல்லாமல் போனால் கோளாறு காற்றுவழியில். 8.8.8.8 ஜன்னலும் கூடவே தடுமாறும், அதுவும் ரவுட்டர் வழியாகத்தானே போகிறது. ரவுட்டர் மட்டும் 2, 3, 2 என்று நிதானமாகப் பதில் சொல்லி, 8.8.8.8 மௌனமாகிவிட்டால் கோளாறு வெளி லைனில். வைஃபையை எவ்வளவு நோண்டினாலும் அது தீராது. இரண்டும் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். ரவுட்டரில் அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். எப்போதாவது ஒரே ஒரு எண் துள்ளினால் பயப்பட வேண்டாம். லேப்டாப்பின் மின்சேமிப்பு அமைப்புகூட அப்படிச் செய்யும்.

குழப்பமான ஒரு நிலைமையும் உண்டு. ரவுட்டர் பதில் நிதானமாக இருக்கும், 8.8.8.8 மட்டும் 20-லிருந்து 500-க்குப் போகும், ஆனால் அறுபடாது. வீட்டில் யாருடைய போனாவது படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் சேர்ந்து திணறும். லைனில் கோளாறு இல்லை, நெரிசல்தான். ரவுட்டரில் க்யூஓஎஸ், அதாவது வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் வசதி இருந்தால் அப்லோடுக்கு ஒரு வரம்பு போடுங்கள், வீடியோ கால் மூச்சுவிடும்.

சரி, காற்றுவழிதான் என்று தெரிந்துவிட்டது. அப்போதும் புது ரவுட்டர் கடைசி யோசனையாக இருக்கட்டும். வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். அதற்குள் சானல்கள் என்ற தனித்தனிப் பாதைகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு சிக்னலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மட்டுமே. நிறையப் பேர் சானல்களைக் காட்டும் ஆப்பில் பார்த்து, "1, 6, 11 எல்லாம் கூட்டம், 3 காலியா இருக்கு" என்று அங்கே போய் உட்காருகிறார்கள். இது நிலைமையை மோசமாக்கும். ஒரே சானலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசுவதை மற்றொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். 3-இல் இருப்பதோ 1-க்கும் 6-க்கும் வெறும் இரைச்சல், அவை இதற்கு இரைச்சல். அந்த மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுத்து, ரவுட்டர் அமைப்பில் சானல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்திவிடுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே அலைவரிசையில் இயங்குவது பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்று, யுஎஸ்பி 3.0. அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012-லேயே எழுதிவைத்திருக்கிறது. ரவுட்டரின் முதுகில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பிங் பாருங்கள்.

முடிந்தவரை எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள் என்பதுதான் நான் சொல்வது. சுவர் தாண்டுவதில் அது மட்டம், நெரிசல் குறைவு. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 52 முதல் 144 வரையிலான சானல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலை கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்தச் சானலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. இந்த ரேடார் வகையிலேயே வேறொரு சானலைப் பிடிப்பதற்கு முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து மறைந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறதா? சானலை 36 முதல் 48-க்குள் வையுங்கள்.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு அலமாரிக்குள்ளும், முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் மீன் தொட்டிக்கும் பின்னாலும் ரவுட்டரை வைக்காதீர்கள். சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும் ஆப்பில் (பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க வலு அதிகம்) -50 அருமை, வீடியோ காலுக்கு -67 வேண்டும், -80 என்றால் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண் 3 குறைந்தால், உதாரணமாக -50 என்பது -53 ஆனால், சக்தி பாதியாகிறது. ரிப்பீட்டரைச் சிக்னல் செத்த அறையிலேயே வைப்பது வீண். அதற்கே நல்ல சிக்னல் கிடைத்தால்தான் அதனால் திருப்பிக் கொடுக்க முடியும். என்னைக் கேட்டால், ஒரு கேபிள் இழுத்து அந்த அறையில் இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி) வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

இன்னொன்று, ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும், கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காட்டுவது. நீங்கள் கையே வைக்காத ரவுட்டர் "0 நாள், 14 நிமிடம்" என்று காட்டினால் அது தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பழைய அடாப்டர் பாரம் ஏறும்போது போதிய மின்னோட்டம் தர முடியாமல் திணறுவது சகஜம். வீடே வீடியோ பார்க்கும் நேரத்தில் மட்டும் நெட் போகிறது என்றால் முதலில் அந்த வரியைப் பாருங்கள். ரவுட்டரில் அச்சிட்ட அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள அடாப்டர் மாற்றினாலே பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது.

வெளி லைன்தான் என்று தெரிந்தால், கஸ்டமர் கேரில் "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரவுட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை, இத்தனை மணிக்கு" என்று சொல்லி, பிங் திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஃபைபர் இணைப்பில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரிந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரும் ஆளிடம் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் வலு எவ்வளவு என்று கேளுங்கள். ஜிபான் என்ற பரவலான ஃபைபர் இணைப்பு வகையில், வீட்டில் உள்ள ஃபைபர் பெட்டி பொதுவாக -27 டிபிஎம் வரை தாங்கும். -26, -27 என்று விளிம்பில் நின்றால், எங்கோ கேபிள் மடங்கியிருக்கலாம் அல்லது கனெக்டரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்து, எண்ணை மறுபடி காட்டச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.