விடைக்கு அடுத்த வரி: கல்லூரிக்குப் புள்ளியியல் புத்தகம் தேர்வு செய்யும்போது

பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் புத்தகப் பட்டியல் எப்போதும் கடைசியாகத்தான் வரும். ஐந்து யூனிட்டுக்கும் தலைப்புகள் முடிவாகி, கிரெடிட் பிரித்து முடிக்கும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும். "டெக்ஸ்ட் புக் என்ன போடலாம்?" என்று ஒருவர் கேட்பார். "போன சிலபஸில் இருந்ததே இருக்கட்டும் சார்" என்பார் இன்னொருவர். பி.காம்., பி.பி.ஏ., உளவியல், உயிரியல் மாணவர்கள் அடுத்த சில ஆண்டுகளுக்கு எந்தப் புத்தகத்தை வைத்துப் புள்ளியியல் கற்கப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகிறது.

பி.எஸ்ஸி. புள்ளியியல் மாணவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. முதல் புத்தகம் சுமாராக இருந்தாலும் அடுத்தடுத்த செமஸ்டர்களில் வேறு ஆசிரியர், வேறு புத்தகம் என்று சரியாகிவிடும். அலைடு பேப்பராக (துணைப்பாடமாக) ஒன்றோ இரண்டோ படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாளைக்கு வங்கியிலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ ஒரு சதவீதத்தைப் பார்த்து முடிவெடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் வாழ்நாளில் திறக்கப்போகும் ஒரே புள்ளியியல் புத்தகம் நாம் பட்டியலில் போட்டதுதான்.

எந்தப் புத்தகம் கையில் வந்தாலும் நான் முதலில் பொருளடக்கத்தைப் பார்ப்பதில்லை. பொருளடக்கம் எல்லாப் புத்தகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் ஏதாவது ஒரு தீர்த்துக் காட்டிய கணக்கை எடுத்து, விடைக்கு அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். "ஒட்டுறவுக் கெழு 0.82. எனவே உயர்ந்த நேர்மறை ஒட்டுறவு உள்ளது." (ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்.) அவ்வளவுதான், அடுத்த கணக்கு. எதற்கும் எதற்கும் ஒட்டுறவு? எக்ஸுக்கும் ஒய்க்கும். எக்ஸ் என்றால் என்ன, யார் அளந்தார்கள், எத்தனை பேரிடம்? ஒன்றும் கிடையாது. நம் சந்தையில் நன்றாக விற்கும் பல புத்தகங்கள் இப்படித்தான் இருக்கின்றன. கணக்கு தப்பில்லை. ஆனால் அந்த 0.82ஐ வைத்துக்கொண்டு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று மாணவருக்குத் தெரியாது.

இதே 0.82 விஷயத்தில் பிரான்சிஸ் ஆன்ஸ்கம் என்ற புள்ளியியலாளர் 1973இல் செய்து காட்டியது அழகானது. நான்கு தரவுத் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.82, புள்ளிகளின் ஊடே பொருத்தி வரையும் தொடர்புப் போக்குக் கோடும் ஒன்றே. படம் வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரண நேர்கோட்டுப் போக்கு, ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது, இன்னொன்றில் ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் ஒட்டுறவே இல்லை. ஆகவே ஒட்டுறவு அத்தியாயத்தில் கணக்குக்கு முன்னால் படம் வரையச் சொல்கிறதா என்று பாருங்கள். ஜோடி எண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் அந்தச் சிதறல் வரைபடத்தைத் தனித் தலைப்பாக்கி, வரையறையும் நிறைகுறைகளும் எழுதிவிட்டு, பிறகு கணக்குகளில் ஒருமுறைகூட அதைத் தொடாத புத்தகங்கள் உண்டு.

சூத்திரத்துக்கு நிபந்தனை சொல்லாமல் போவது அடுத்த நோய். "முகடு = 3 இடைநிலை − 2 சராசரி" என்ற உறவு பி.காம். மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். முகடு என்பது அதிகமுறை வரும் மதிப்பு, இடைநிலை என்பது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. ஒரு சிறு கடையில் ஐந்து பேர், மாதச் சம்பளம் ஆயிரங்களில் 10, 10, 12, 15, 100 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 29.4, இடைநிலை 12. சூத்திரத்தில் போட்டால் முகடு மைனஸ் 22.8. அதாவது அந்தக் கடையில் மிக வழக்கமான சம்பளம், தொழிலாளி முதலாளிக்கு 22,800 ரூபாய் கொடுப்பது! லேசாகச் சரிந்த, ஒற்றை முகடுள்ள பரவலுக்கு மட்டும் தோராயமாகப் பொருந்தும் உறவு அது. அந்த ஒரு வாக்கியம் புத்தகத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்துக்கு வருவோம். 2, 4, 6, 8, 10 என்ற ஐந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியிலிருந்து ஒவ்வொன்றின் விலக்கத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 40. அதை 5ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 2.83, 4ஆல் வகுத்து எடுத்தால் 3.16. நம் புத்தகங்கள் பல முதல் வழியில் போகின்றன. எக்ஸெல், ஆர், எஸ்.பி.எஸ்.எஸ். ஆகிய மென்பொருள்களில் வழக்கமாக வருவது இரண்டாவது. கால்குலேட்டரில் இரண்டும் இருக்கின்றன, எதைத் தட்டுவது என்று தெரியாமல் மாணவர் முழிப்பார். சிறிய மாதிரிகளின் சராசரியைச் சோதிக்கும் டி-சோதனை வரும்போது குழப்பம் முற்றும். எண்ணிக்கையால் வகுத்த திட்ட விலக்கம் என்றால் சூத்திரத்தின் வர்க்கமூலத்துக்குள் ஒன்று குறைக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்று குறைத்து வகுத்தது என்றால் குறைக்கக் கூடாது. இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றிப் படிக்கும் பிள்ளை இங்கேதான் மாட்டிக்கொள்ளும். வரிசைப்படுத்திய தரவை நான்காகப் பிரிக்கும் கால்மானமும் அப்படித்தான்: அதே ஐந்து எண்களுக்குப் புத்தக வழியில் முதல் கால்மானம் 3, எக்ஸெலில் வழக்கமான வழியில் 4. இரண்டும் தப்பில்லை. ஏன் இரண்டு விடை வருகிறது என்று ஒரு பத்தி சொல்லும் புத்தகத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

"வித்தியாசம் இல்லை" என்ற கருதுகோளைத் தரவு மறுக்கிறதா என்று பார்க்கும் கருதுகோள் சோதனைதான் உண்மையான பரீட்சை. பழைய பாணிப் புத்தகங்களில் முறை இது: சூத்திரத்தில் போட்டு மதிப்பைக் கண்டுபிடி, அட்டவணை மதிப்போடு ஒப்பிடு, பெரிதானால் மறு, சிறிதானால் ஏற்றுக்கொள். பி-மதிப்பு என்ற பேச்சே இருக்காது (உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், நாம் கண்ட அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது அது). அந்த மாணவர் முதுகலைக்குப் போய் ப்ராஜெக்டுக்காக எஸ்.பி.எஸ்.எஸ். ஓட்டினால் திரையில் வருவது பி-மதிப்பு. "சார், இதுல டேபிள் வேல்யூ எங்க இருக்கு?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

அதைவிட ஆபத்து "ஏற்றுக்கொள்" என்ற சொல்லில் இருக்கிறது. பன்னிரண்டு மாணவர்களுக்குப் புதிய பயிற்சி கொடுத்து டி-சோதனை செய்கிறோம், வித்தியாசம் மிகைகாண் நிலையை (தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவை) தொடவில்லை. உடனே புத்தகம் "எனவே பயிற்சியால் பயனில்லை" என்று எழுதும். பன்னிரண்டு பேரை வைத்துப் பார்த்தால், பயன் இருந்தாலும் கண்ணில் படாமல் போக நிறையவே வாய்ப்புண்டு. "மறுக்கப் போதுமான ஆதாரம் இல்லை" என்பதற்கும் "பயனில்லை" என்பதற்கும் இடையே ஒரு மருந்தையோ திட்டத்தையோ கைவிடும் அளவுக்குத் தூரம் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு. பி-மதிப்பு சிறியதாக இருப்பதால் விளைவு பெரியது என்று ஆகிவிடாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதை ஓர் அறிக்கையாகவே வெளியிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்த பதிப்பில்கூட இந்த எச்சரிக்கை இல்லை என்றால், முன்னுரையில் "முற்றிலும் திருத்தப்பட்டது" என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

இதற்கெல்லாம் நம் ஊர்த் தரவிலேயே பாடம் நடத்தலாம். தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 55 விழுக்காடு, அடுத்த சுற்றில் 53.4. குறைந்துவிட்டதா? விகித வித்தியாசச் சூத்திரத்தில் போட்டால், மாதிரி பல்லாயிரம் பேர் என்பதால், வித்தியாசம் நிஜம் என்றே வரும். ஆனால் அந்தச் சூத்திரம் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே குலுக்கலில் தேர்வானவர் என்று எடுத்துக்கொள்கிறது. ஆய்வாளர்கள் முதலில் கிராமங்களையும் நகர வட்டாரங்களையும் தேர்ந்தெடுத்து, பிறகு அவற்றுக்குள் வீடுகளை எடுக்கிறார்கள். ஒரே கிராமத்துப் பெண்களின் சாப்பாடும் சூழலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், அதனால் உண்மையான திட்டப் பிழை (மாதிரியை வைத்துக் கணிப்பதால் வரும் தடுமாற்றத்தின் அளவு) சூத்திரம் சொல்வதைவிடப் பெரியது. அப்புறம், ரத்தம் விரல் நுனியில் குத்தி எடுத்தது. ரத்தக் குழாயிலிருந்து (சிரையிலிருந்து) எடுத்தால் விடை கொஞ்சம் மாறலாம். முதலாமாண்டு மாணவருக்கு இந்தக் கணக்கு முழுவதும் வேண்டாம். ஆனால் "எப்படி எடுத்தார்கள்?" என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும். மாதிரியெடுத்தல் அத்தியாயம் வெறும் வகைகளும் நிறைகுறைகளுமாக இருந்தால் அந்தப் பழக்கம் வராது.

பி.காம். பாடத்தில், விலை ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணில் காட்டும் குறியீட்டெண் இன்னும் நல்ல உதாரணம். லாஸ்பியர், பாஷே, ஃபிஷர் பெயரில் உள்ள மூன்று சூத்திரங்களும் போட்டு, ஃபிஷருடையதே "உன்னதமானது", அது காலத் திருப்புச் சோதனையில் (இரண்டு ஆண்டுகளை இடம் மாற்றிப் போட்டாலும் விடை முரண்படக் கூடாது என்ற சோதனையில்) தேறுகிறது என்று நிரூபித்து முடிப்பார்கள். மாணவர் கேட்க வேண்டிய கேள்வி: உன்னதமானது அது என்றால், மத்திய அரசு மாதந்தோறும் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு ஏன் லாஸ்பியர் வழியில் போகிறது? பாஷேக்கும் ஃபிஷருக்கும் ஒவ்வொரு மாதமும் மக்கள் எதை எவ்வளவு வாங்கினார்கள் என்ற அளவு வேண்டும். அதற்கு மாதாமாதம் பெரிய அளவில் வீடுவீடாகச் செலவுக் கணக்கு எடுக்க வேண்டும், நடக்கிற காரியமில்லை. லாஸ்பியருக்கு அடிப்படை ஆண்டின் எடைகள் (செலவில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்பது) போதும், விலையை மட்டும் புதிதாகச் சேகரிக்கலாம். இந்த நான்கு வரிக்குப் பக்கம் ஒதுக்காத புத்தகம், ஊகச் சராசரி, படிவிலக்கம் என்று கையால் பெருக்கிய காலத்துக் குறுக்குவழிகளுக்கு முப்பது பக்கம் ஒதுக்கியிருக்கும். அந்தக் குறுக்குவழிகள் தெரிந்துகொள்ளத் தகுந்தவைதான், ஒரு பக்கத்தில்.

அப்படியானால் அமெரிக்கப் புத்தகங்களை வைத்துவிடலாமே என்று இளம் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பாதி சரி. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் அறிமுகப் புத்தகமும், ஓப்பன்இன்ட்ரோ என்ற குழுவின் புத்தகமும் பி.டி.எஃப். ஆக இலவசம், வகுப்புக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதை உரிமமே அனுமதிக்கிறது. இரண்டிலும் எண்கள் எங்கிருந்து வந்தன என்ற கதை இருக்கிறது, விடைக்குப் பின் விளக்கம் இருக்கிறது. ஆனால் ஓப்பன்ஸ்டாக்ஸில் அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கும் ஒரு குறிப்பிட்ட கால்குலேட்டருக்கான செய்முறை நிறைய. கையில் கேசியோ வைத்திருக்கும் நம் மாணவருக்கு அது வீண். பேஸ்பால் கணக்கில் பாதி நேரம் ஆட்டத்தை விளக்கவே போய்விடும். குறியீட்டெண் இரண்டிலுமே கிடையாது, ஆகவே பி.காம்.க்கு அவை மட்டும் போதாது. என் தேர்வு: உளவியல், உயிரியல், கணினி மாணவர்களுக்கு ஓப்பன்இன்ட்ரோ முதன்மைப் புத்தகம், வணிகவியலுக்கு உள்ளூர்ப் புத்தகம், மாதிரியெடுத்தலுக்கும் கருதுகோளுக்கும் மட்டும் ஓப்பன்இன்ட்ரோவிலிருந்து அத்தியாயங்கள்.

குப்தா, கபூர் இருவரும் எழுதிய கணிதப் புள்ளியியல் புத்தகம் பற்றிக் கேட்பார்கள். 1970இல் இருந்து நம் நாட்டுப் புள்ளியியல் மாணவர்களை வளர்த்த புத்தகம், பி.எஸ்ஸி. புள்ளியியலுக்கு இன்றும் நான் அதைத்தான் சொல்வேன். தொகையீடு (இன்டெக்ரேஷன்) தெரியாத உளவியல் மாணவர் கையில் அதைக் கொடுப்பது அவருக்கும் நல்லதில்லை, அந்தப் புத்தகத்துக்கும் நல்லதில்லை. "பெரிய புத்தகம், எல்லாம் இருக்கும்" என்ற காரணத்துக்காகப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் மாணவருக்கு முதல் தடை கணக்கே இல்லை, நீளமான ஆங்கில வாக்கியங்கள். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் பாடநூல்கள் தமிழிலும் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகவியலோ அறிவியலோ படித்து வந்த பிள்ளைகள் பலர் அவற்றைப் பார்த்ததே இல்லை. முதல் மாதத்துக்கு அவற்றைத் துணைநூலாகக் கொடுங்கள்.

சரி, பட்டியல் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, பல்கலைக்கழகத் தேர்வும் அந்தப் புத்தகத்தில் இருந்துதான் வரும், இப்போது என்ன செய்வது? புத்தகம் இருக்கட்டும். இன்டர்னல் மதிப்பெண் நம் கையில் இருக்கிறது. ஐந்து மதிப்பெண் கணக்கில் விடைக்கு மூன்று, "இதற்கு என்ன பொருள், எதைச் சொல்ல முடியாது" என்று எழுதும் வரிக்கு இரண்டு என்று பிரியுங்கள். எக்ஸ், ஒய் என்ற கணக்குகளில் சென்னையின் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தினசரி நீர் இருப்பு போன்ற எண்களை மாற்றிப் போடுங்கள். செய்முறை மாறாது, கேள்வி மாறும்.

மாணவர்களுக்கு ஒன்று. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் முந்தைய பதிப்பைத் தாராளமாக வாங்கலாம், சராசரியும் நிகழ்தகவும் மாறிவிடவில்லை. பயிற்சிக் கணக்கு எண்கள் மட்டும் மாறியிருக்கும், நண்பரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் கடையிலேயே நின்று பின்பக்க விடைகளில் இரண்டு மூன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் ஒன்று தப்பாக இருந்தால் பதிப்பு எதுவானாலும் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.