ஷார்ட் சர்க்யூட் மின்கசிவு ஆகாது

வாசலில் நிறுத்தியிருந்த காரில், புதிதாக வாங்கி மாட்டிய இரட்டை ஹாரன் போன வாரம் இரவு பத்து மணிக்குத் தானாக அலற ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "மின்கசிவா இருக்கும் தம்பி" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தக் குடோன் எரிந்தாலும் செய்தியில் 'மின்கசிவு காரணமாக' என்றுதான் வருகிறது. இலங்கைச் செய்திகளில் 'மின்னொழுக்கு'. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் சொல்ல வருவது ஷார்ட் சர்க்யூட்டைத்தான்.

சர்க்யூட் லத்தீனிலிருந்து வந்தது, சுற்றிப் போவது என்று பொருள். நம் 'சுற்று' அதற்குக் கச்சிதம். ஹாரன் வழியாகப் போய்த் திரும்ப வேண்டிய மின்சாரம், ஒயர் உரசி, பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கும் கார் பாடியைத் தொட்டதும் ஹாரனை விட்டுவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. குறுக்கு வழி. அதனால் குறுக்குச்சுற்று. 'குறுஞ்சுற்று' என்பாரும் உண்டு; அது என்னவோ சின்ன சர்க்யூட் போல ஒலிக்கிறது.

கசிவு வேறு சங்கதி. பானை கசியும், கூரை கசியும், கொஞ்சம் கொஞ்சமாக. மின்சாரத்திலும் அது உண்டு. டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் இறங்கி 50 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் ஃப்யூஸுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரத்தில் பாதி காலி. குறுக்குச்சுற்றில் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். 15 ஆம்பியர் ஃப்யூஸ் சட்டென்று போகும், ஃப்யூஸ் போடாத ஒயரானால் எரியும். வெள்ளத்தைக் கசிவு என்று யாராவது எழுதுவார்களா?

'மின்கசிவு நல்ல தமிழ்தானே' என்று வாதாடுகிறார்கள். தமிழ்தான், நல்ல சொல்தான், லீக்கேஜுக்கு. அதை ஷார்ட்டுக்குக் கொடுத்துவிட்டு லீக்கேஜுக்கு எதை வைப்பீர்கள்? வீட்டில் 30 மில்லிஆம்பியர் கசிந்தால் மெயினை அணைக்கும் ஆர்.சி.சி.பி.யை எப்படி விளக்குவீர்கள்? இதற்கு 'ஷார்ட் ஆயிடுச்சு' என்கிற மெக்கானிக்கின் பேச்சே தேவலை. செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து பார்க்கலாம்.

என் காரில் நடந்தது இன்னும் வேடிக்கை. கசிவு என்று காதில் விழுந்ததால் நானும் முதலில் ஈரத்தைத்தான் தேடினேன், அரை மணி நேரம் வீண். கடைசியில் ஸ்டீயரிங் பட்டனிலிருந்து ரிலேயின் (சின்ன மின்சாரத்தால் ஹாரனின் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) 85ஆம் முனைக்கு வரும் ஒயர், பானெட் ஓரத்தில் தோல் உரிந்து பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கினால் நடப்பதும் அந்த ஒயர் பாடியோடு சேரும் அதே எர்த்துதானே! ரிலே விடாமல் பிடித்துக்கொண்டது. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு அப்புறம் வரும் ஒயர்; காயிலே மின்சாரத்தை மட்டுப்படுத்திவிடும் என்பதால் ஃப்யூஸும் போகவில்லை. ஒயரை மாற்றி, அது நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டேன்.

மறுநாள் அண்ணன் கேட்டார்: "கசிவு நின்னுடுச்சா?"