வியர்வைச் சுரப்பிப் புற்றுநோயும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையும்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் உச்சந்தலையிலோ இமையிலோ அக்குளிலோ வலியில்லாத சிறு கட்டி எழும்பினால், கொழுப்புக்கட்டி என்று சொல்லி உள்ளூரிலேயே கீறி எடுத்துவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது அப்படித்தான் இருக்கும். மிக அரிதாக வியர்வைச் சுரப்பியில் தோன்றிய புற்றுநோயாக இருந்து, எடுத்த சதையும் குப்பைக்குப் போயிருந்தால், பின்னால் மருந்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் போகிறது.

இந்நோய்க்கு முதல் மருத்துவம், சுற்றியுள்ள நல்ல தோலையும் ஓரளவு சேர்த்து எடுக்கும் அறுவைதான். நெறியிலோ (நிணநீர் முடிச்சிலோ) நுரையீரலிலோ பரவிவிட்டால் கீமோதெரபிக்கு அது எளிதில் மசிவதில்லை. ஆனால் வியர்வைச் சுரப்பியும் மார்பகச் சுரப்பியும் கருவில் ஒரே தோலடுக்கிலிருந்து உருவாகுபவை என்பதால், சிலரது கட்டியில், குறிப்பாகச் சளி போன்ற பொருளைச் சுரக்கும் வகையில், மார்பகப் புற்றுநோயில் காண்பதுபோலவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஹார்மோன் தடுப்பு மாத்திரையான டமாக்ஸிஃபென் அந்த ஏற்பியில் போய் அமர்ந்து ஈஸ்ட்ரோஜனை அண்டவிடாமல் செய்கிறது. இதனால் கட்டி சுருங்கியதாக மருத்துவ இதழ்களில் தனித்தனி நோயாளர் குறிப்புகள் உண்டு. நோய் அரிதென்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. ஆகவே உறுதிமொழி எதுவும் தராமல்தான் இதை எழுதிக் கொடுக்கிறேன்.

ஏற்பி உண்டா என்பதைச் சொல்வது மெழுகில் பதித்த திசுக்கட்டியான 'பிளாக்'தான். அதற்கு, வெட்டி எடுத்த சதையை அதன் அளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவத்தில்) போட வேண்டும். ஏற்பிச் சோதனை நம்பகமாக அமைய 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் ஊறியிருப்பது நல்லது. சலைனில் (உப்புநீரில்) மிதந்தபடி வரும் சதை பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாகக் கொண்டு போகிறார்கள். ஆய்வகத்தில் கேட்டு பிளாக்கையும் வாங்கிச் செல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் தோலில் பரவினாலும் நுண்ணோக்கியில் இதேபோல் தெரியக்கூடும் என்பதால், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள்.

மருந்துக்கடையில் "இது பொம்பளையாளுக்குள்ள மாத்திரையாச்சே" என்று சொல்லக் கேட்டு, அதை நிறுத்திவிட்டு வரும் ஆண்கள் உண்டு. ஏற்பி இருந்தால் ஆண்களுக்கும் இதே மாத்திரைதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைக்கும் லெட்ரோசோலும் தரலாம்; அது எலும்பைத் தேய்க்கும். டமாக்ஸிஃபென் எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு கண்டாலும் தாமதிக்கலாகாது. மனச்சோர்வுக்குப் பராக்ஸிடீன் சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கும்.