கோவையில் ஒரு சோளம், ஈரோட்டில் ஒரு சோளம்

கார்த்திகை அமாவாசை ராத்திரி, தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் வைத்து, அம்மாவைப் பெற்ற அப்பிச்சிக்கு பைனாகுலரில், கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைக் காட்டினேன். வடக்கு வானில் பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அங்க போயிட்டு வர எத்தன நாளாகுங் கண்ணு?" என்றார்.

25 லட்சம் ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச் சேர 25 லட்சம் ஆண்டு ஆகும் தூரம் என்றேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரால் என்ன செய்ய முடியும்? உள்ளே போய் ஒரு பிடி சோளம் எடுத்து வந்தேன்.

14 லட்சம் கி.மீ. குறுக்களவுள்ள சூரியனை ஒரு சோள மணியாகச் சுருக்கி கோவை காந்திபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூமி அதிலிருந்து ஒரு முழத்துக்குள், கண்ணில் படாத தூசு. 1977இல் கிளம்பி இன்னும் வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம், மனிதர் செய்த பொருட்களில் மிகத் தொலைவு போனது, அந்தச் சோளத்தைவிட்டு அறுபது மீட்டர் சொச்சம்தான் நகர்ந்திருக்கிறது. நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி ஈரோட்டில் இருக்கிறது. அவிநாசி, பெருந்துறை எல்லாம் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு நடுவில் வேறொரு சோளம் கிடையாது.

சரி, ஆண்ட்ரோமெடா? இதே கணக்கில் ஏறத்தாழ 6 கோடி கி.மீ. அதாவது, சூரியனையே சோளமாகச் சுருக்கிய பிறகும், நிஜ நிலா இருக்கும் தூரத்தைப்போல 150 மடங்கு! வாயேஜர் வேகத்தில் போனால் 4,400 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான்.

வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கலே. நாமக்கல்லில் இருந்து டெல்லி போகிற லாரிக்கு வழியெல்லாம் பங்க் உண்டு, விண்வெளியில் அது இல்லை. மொத்த எரிபொருளையும் கிளம்பும்போதே ஏற்ற வேண்டும், அந்தப் பாரத்தைத் தள்ளவே இன்னும் எரிபொருள், அதைத் தள்ள இன்னும் கொஞ்சம் என்று மடங்கு மடங்காக ஏறிக்கொண்டே போகும். 1903இல் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. இன்றைய ரசாயன ராக்கெட்டை ஒளிவேகத்தில் நூற்றில் ஒரு பங்குக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் அத்தனை அணுக்களையும் எரித்தாலும் பத்தாது.

எரிபொருள் கவலையே இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு விசித்திரமாக மாறுகிறது. பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாதி வழி வேகம் கூட்டி, மீதி வழி குறைத்துக்கொண்டே போனால், ஒளிவேகத்தை நெருங்க நெருங்க நேரம் மெதுவாக ஓடும் என்கிற ஐன்ஸ்டீனின் சார்பியல்படி கப்பலுக்குள் இருப்பவருக்கு ஏறத்தாழ 28 ஆண்டுகளில் ஆண்ட்ரோமெடா வந்துவிடும். ஒரு ஆயுளுக்குள் அடங்கும் பயணம். ஆனால் இங்கே பூமியில் 25 லட்சம் ஆண்டுகள் ஓடியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் அவர் அனுப்பும் செய்தி இங்கே வர இன்னொரு 25 லட்சம்.

இதைச் சொன்னபோது அப்பிச்சி, "அப்ப இங்க கேக்கறதுக்கு ஆரு இருப்பா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் இன்னொன்றும் சொன்னேன்: நாம் போக முடியாவிட்டாலும், ஆண்ட்ரோமெடா வினாடிக்கு சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. மறுபடியும் பைனாகுலரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.