சாகோஸ் தீவுகள்: மூன்றாம் நாடு எப்போது ஒதுங்கி நிற்க முடியாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் தீவு வழக்கு என்றாலே, மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பத்து பூத்தே என்ற சிறு தீவுதான் பேச்சில் வரும். 2008 மே 23-இல் அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கும், பக்கத்திலுள்ள மிடல் ராக்ஸை மலேசியாவுக்கும் தந்தது. நீதிமன்றச் சட்டத்தின் 59-ஆம் விதிப்படி அத்தீர்ப்பு வழக்காடிய இருவரை மட்டுமே கட்டும். அதனால் எந்தத் தீவு வழக்கானாலும், வழக்கில் இல்லாத மூன்றாம் நாட்டுக்கு வேலையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. தீவு எப்படிக் கைமாறியது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சாகோஸ் இந்தியப் பெருங்கடலில் உள்ள தென்னந்தோட்டத் தீவுக்கூட்டம். கொப்பரை காயவைத்தே அங்கு பல தலைமுறைகள் பிழைத்தன. தன் குடியேற்ற நாடான மொரிசியஸ் 1968-இல் விடுதலை பெறுமுன், 1965-இலேயே பிரிட்டன் சாகோஸை அதிலிருந்து தனியே பிரித்தது. 1973-க்குள் குடிமக்கள் எல்லாரையும் கப்பலேற்றி வெளியேற்றியது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2019 பிப்ரவரி 25-இல் அனைத்துலக நீதிமன்றம் தன் கருத்துரையில் (தீர்ப்பல்ல, ஐநா கேட்டதற்குத் தந்த சட்ட ஆலோசனை), மொரிசியஸில் குடியேற்ற ஆட்சி முறைப்படி முடியவில்லை என்றது. ஒரு மக்கள் தம் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்யும் தன்னாட்சி உரிமையைக் காப்பது எல்லா நாடுகளின் கடமை. எனவே அதை முடித்துவைக்க ஐநா உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒத்துழைக்க வேண்டும் என்றது. மே 22-இல் பொதுச்சபை 116-க்கு 6 என்ற வாக்கில் இதை ஆதரித்து, இடையூறு செய்யாதீர்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2021-இல் உலக அஞ்சல் ஒன்றியம், அத்தீவுகளுக்கென பிரிட்டன் வெளியிட்ட தபால்தலைகளை ஏற்பதை நிறுத்தியது. கடமை என்பது இப்படி அஞ்சல் உறை வரை வந்து நிற்கும்.

கருத்துரை யாரையும் கட்டாது என்று வாதிடுவோர் மாலத்தீவைப் பார்க்க வேண்டும். பொதுச்சபையில் எதிர்த்து வாக்களித்த ஆறு நாடுகளில் அதுவும் ஒன்று. சாகோஸைத் தன் நிலமாகக் கொண்டு மொரிசியஸ் அதன்மீது கடல் எல்லை வழக்கு தொடுத்தபோது, பிரிட்டன் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்று அது வாதாடியது. கடல்சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2021 ஜனவரி 28-இல், அந்தக் கருத்துரையையே ஆதாரமாகக் கொண்டு, அந்த வாதத்தைத் தள்ளியது. 2023 ஏப்ரல் 28-இல் எல்லையையும் வகுத்தது.

படைபலத்தால் பிடித்த நிலத்துக்கு விதி வேறு. அதைச் சட்டபூர்வமானதாக எந்த நாடும் ஏற்கக் கூடாது என்கிறது பொதுச்சபையின் 1970 பிரகடனம். ஆனால் அங்கு வாழும் மக்களைத் தண்டிக்க இதைப் பயன்படுத்த முடியாது. தென்னாப்பிரிக்கா சட்டவிரோதமாக ஆண்ட நமீபியா குறித்து அதே நீதிமன்றம் தந்த 1971 கருத்துரைப்படி, பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை ஏற்க மறுப்பது குடிமக்களைத்தான் பாதிக்கும். ஆகவே அவை செல்லும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்களைக் கண்ட ஊரில், இந்த விதிவிலக்கின் அருமை உடனே புரியும்.