லேத் பட்டறைக்கு வரும் பித்தளைத் தோட்டாவும் அதற்குக் கேட்கப்படும் டையும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, வியாசர்பாடித் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய பொருளோடு வந்தார். பிரித்து மேசைமேல் வைத்தார். அடிப்பகுதி கட்டைவிரல் பருமனில் தொடங்கி, பாதி உயரத்துக்கு மேல் தோள் போல் வளைந்து, மெல்லிய கழுத்தாக ஒடுங்கும் பழைய பித்தளைத் தோட்டா உறை அது. வெர்னியரில் அளந்தேன். அடிவிளிம்பு 19 மில்லிமீட்டர், உயரம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர். வாயோரத்தில் தலைமுடி இழை போல ஒரு கீறல் நீளவாக்கில் இறங்கியிருந்தது. “தாத்தாவோட துப்பாக்கிண்ணே. இதுக்குத் தோட்டா இப்ப எங்கயுமே கிடைக்கிறதில்ல. இந்த அளவுக்கு டை மட்டும் பண்ணிக் குடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்” என்றார். டை என்பது, சுட்டபின் விரிந்த உறையை உள்ளே அழுத்தித் திரும்ப அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு.

முடியாது என்று அவரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால், அவர் எங்களுக்கு முன்பே வேறு இரண்டு பட்டறைகளில் விலை கேட்டிருக்கிறார் என்பதும், அவற்றில் ஒன்றில் ஒப்புக்கொள்ளும் நிலைக்கே வந்துவிட்டார்கள் என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கொருக்குப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை லேத் வைத்திருக்கும் தம்பிகளுக்கு, உள்பக்கம் சரிவாகப் போரிங் செய்து, ஹீட் ட்ரீட்மெண்ட் கொடுத்து, பாலிஷ் போட்டுத் தரும் ஒரு டை என்பது இரண்டு நாள் ஜாப் வொர்க். அதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அந்த உறை மார்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு உரியது. பிரிட்டிஷ் ராணுவம் 1871-இல் ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி அது, அதன் தோட்டாவை .577/450 என்று குறிப்பிடுவார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, பழந்துப்பாக்கி ஆர்வலர்கள் சுட்ட உறையைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து மருந்தேற்றிப் பயன்படுத்துகிறார்கள். சிலர் அதற்கான டையைத் தாமே செய்துகொள்வதும் உண்டு. அவர்கள் போடும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே சிலர் நம் பட்டறைக்கு வருகிறார்கள். அங்கே அது பொழுதுபோக்கு என்பதால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

நம் நாட்டில் இதை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம். தோட்டா என்பதற்கு அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு தரும் விளக்கத்தில், தோட்டாவின் பாகங்களோடு, தோட்டா தயாரிப்பதற்கான இயந்திர சாதனங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. உரிமம் இல்லாமல் தயாரிப்பதை 5-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அதை மீறித் தயாரிப்பவருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. நான் செய்தது வெறும் டைதானே, அது அந்த விளக்கத்துக்குள் வராதே என்று ஒருவர் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றக் கூண்டில் நின்றுகொண்டு செய்ய வேண்டிய நிலைக்கு எந்த டர்னரும் போகக் கூடாது என்பதே என் கவலை. ட்ராயிங், பில், முன்பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு எல்லாம் நம் பெயரில்தான் இருக்கும்.

“பழம்பொருள்தானே, அதற்கு விலக்கு உண்டே” என்று வந்தவர் சொன்னார். உண்டு. 45-ஆம் பிரிவில், பழைய மாதிரியைச் சேர்ந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படாத நிலையில் இருக்க வேண்டும் என்பது அந்த விலக்குக்கான நிபந்தனை. அதே துப்பாக்கிக்குத் தோட்டா தயார் செய்யக் கிளம்புகிறவர், அது சுடும் என்று தானே ஒப்புக்கொள்கிறார். தாத்தாவின் நினைவாகச் சுவரில் மாட்டியிருந்த பொருளுக்கு இருந்த பாதுகாப்பு, டை கேட்டு அவர் பட்டறை வாசலில் ஏறியபோதே ஆட்டம் கண்டுவிடுகிறது.

சட்டத்தை விட்டுவிட்டு, தொழில் அறிந்தவனாக மட்டும் பேசினாலும் நான் மறுத்தே இருப்பேன். டைக்கு உருவம் மட்டுமே தெரியும். உள்ளே எழப்போகும் அழுத்தம் தெரியாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880-களின் இறுதியில் அது கருமருந்தோடு வந்தது. 1891-இல் அதே உறைக்குள் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து வந்தது. வெளியே அளந்தால் வேறுபாடு தெரியாது. கருமருந்துக்காகச் செய்த பழைய குழலில் புகையற்ற மருந்தை அறியாமல் இட்டால் குழலோ அதன் அடைப்போ சுடுபவரின் முகத்தருகே பிளந்துவிடக்கூடும். .303-க்கு இன்று ஐரோப்பியத் தரம் ஏற்கும் உச்ச அழுத்தம் 3,650 பார். நம் பட்டறை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மீட்டர் முள் 200 பாரைத் தொட்டாலே ஓரடி விலகி நிற்கிறோம். மேலும், ஒரே ஒரு சுட்ட உறையை மாதிரியாக வைத்து அளவெடுத்தால், நூற்றைம்பது ஆண்டு தேய்ந்த ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியின் தோட்டா அறையின் கோணலைத்தான் நாம் இ.என்.31 எஃகில் படியெடுக்கிறோம். மூல அளவு நம் கைக்கு வருவதே இல்லை.

அந்த வாயோரக் கீறலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பித்தளையை இழுத்தும் ஒடுக்கியும் உருவாக்கும்போது, அதன் உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, சுடாத தோட்டாக்களின் உறைகளும் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்த விளைவு அது என்பது 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிகளுக்கு வால்வு வேலை செய்து கொடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. அம்மோனியா ஓடும் லைனில் பித்தளை ஃபிட்டிங் போடக் கூடாது என்பது அங்கே உதவியாளாகச் சேரும் பையனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். அந்த உறையைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கீறலை அவருக்குக் காட்டினேன். அதே போன்ற கீறல், அடிப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் உள்பக்கமாகவும் இருக்கலாம். அத்தகைய உறையை ஒடுக்கி மறுபடி அழுத்தத்துக்கு உள்ளாக்கினால், கிழிந்த இடத்தின் வழியே கொதிக்கும் வாயு பின்பக்கமாகப் பீறிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் நேரில் பார்த்தவன். தொழில் பழகிய காலத்தில், காயலான் கடையிலிருந்து வந்த பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே கிடந்த ஒரு பழைய உறையை, வெறும் கூடுதானே என்று எங்கள் மேஸ்திரி சக்கில் பிடித்து அடியை முகம் சீவினார். உள்ளே மருந்து இல்லை. ஆனால் அடியில் இருந்த கேப், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, சுடப்படாதது. டூல் பட்டதும் பட்டாசு போல ஒரு சத்தம். ஒரு பித்தளைச் சில்லு அவருடைய புருவத்துக்குக் கீழே போய் நின்றது. ஒரு நூல் தள்ளிப் பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்று பட்டறையில் யாரும் கண்ணாடி அணிந்திருக்கவில்லை.

எனவே இப்படியொரு பொருள் உங்கள் மேசைக்கு வந்தால், சூடு காட்டாதீர்கள், துளையிடாதீர்கள், வைஸில் இறுக்காதீர்கள், கேஸ் கட்டர் இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். பழைய இரும்புக் குவியலில் தள்ளிவிடுவதும் தீர்வாகாது. 2004-இல் காசியாபாத் அருகே ஓர் எஃகு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்போடு கலந்து வந்த வெடிகுண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு அந்தச் செய்தி தொலைவில் நடந்ததாக இருக்க முடியாது. குவியலில் இப்படி ஏதேனும் கிடைத்தால் கை வைக்காமல், ஆட்களை விலக்கிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் விட்டுச்சென்ற துப்பாக்கி இருந்தால், அதை ஒப்படைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமலோ காலாவதியாகியோ கிடக்கும் ஆயுதத்தைக் காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ 21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பினால், முதலில் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, பிறகு உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்து மூலமாகக் கேட்பதே முறை. வந்தவரிடம் இதைத்தான் சொன்னேன். தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் எங்கோ பெட்டியில் இருக்கும் என்றார். டையை மறந்துவிட்டு அந்தப் புத்தகத்தை முதலில் தேடுங்கள் என்று சொல்லி, உறையைக் கைக்குட்டையோடு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.